மூன்றாம் பாகம் காலை வாரிவிட்டால்

2019 நவம்பரில் ஓர் இரவு, பதினோரு மணிக்கு மேல் அண்ணன் மகன் என் எடிட்டிங் அறைக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தான். திருச்சிக்குப் போய் ‘டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்’ பார்த்துவிட்டு நேராக வருகிறான். “சித்தப்பா, ஜானைக் கொன்றுவிட்டார்கள். படம் ஆரம்பித்த சூட்டிலேயே சுட்டுவிட்டார்கள். இரண்டு படம் முழுக்க அவனைக் காப்பாற்றத்தானே அத்தனை பாடும்?” என்றான். நான் அப்போது ஒரு முகூர்த்தக் காட்சியில் மூன்று கேமராவின் ஓட்டத்தையும் ஒன்றோடு ஒன்று பொருத்திக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்திவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கப்பட்டது. 1993-ல் அது என் முகம்.

அவனுக்கு அன்றிரவு சொன்னதையும், சொல்லத் தெரியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். விமர்சகன் இல்லை. ஆனால் எட்டு மணி நேரக் காட்சியை இரண்டரை மணி நேரமாகக் குறைத்து, இரண்டு வீட்டாரிடமும் திட்டு வாங்கிப் பழகியவன் என்பதால், ஒரு படம் எந்த இடத்தில் முறிகிறது என்பது ஓரளவு கைக்குத் தெரியும்.

என் கதை இதுதான். ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’ 1979-ல் வந்தது. விண்கப்பலுக்குள் புகுந்து ஆட்களைக் கொல்லும் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் கதை. 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் அதன் தொடர்ச்சியாக ‘ஏலியன்ஸ்’ எடுத்தார். முதல் படத்தில் தப்பிய ரிப்ளி 57 ஆண்டுகள் உறங்கிவிட்டு எழுகிறாள். ஒரு குடியிருப்பே அழிந்த கிரகத்தில் நியூட் என்ற சிறுமி மட்டும் காற்றுக்குழாய்களுக்குள் ஒளிந்து உயிரோடு இருக்கிறாள். அவளை மீட்க ரிப்ளி ஒற்றை ஆளாகப் பிராணிகளின் கூட்டுக்குள் போகிறாள். கடைசியில் ரிப்ளி, நியூட், காயம்பட்ட ஹிக்ஸ் என்ற வீரன், இரண்டாகப் பிய்ந்த பிஷப் என்ற எந்திர மனிதன், நால்வரும் கப்பலில் உறங்கப் போகிறார்கள். இனிக் கனவு காணலாமா என்று அந்தக் குழந்தை கேட்கிறாள். காணலாம் என்கிறாள் ரிப்ளி. அந்தக் கேசட்டை நானும் பெரியம்மா மகனும் வாடகைக்கு எடுத்து எத்தனை தடவை பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை. நாடா தேய்ந்து நடுவில் கோடு விழுந்ததில் எங்கள் பங்கு கணிசமானது.

மூன்றாம் பாகமான ‘ஏலியன் 3’ன் கேசட் கிடைத்த அன்று வீட்டில் யாரும் இல்லை. டெக்கையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். எடுத்த எடுப்பில் இருபதாம் நூற்றாண்டு ஃபாக்ஸ் நிறுவனத்தின் முரசும் எக்காளமும். வழக்கமாக அது வெற்றி முழக்கமாக முடியும். இதில் முடிவதற்கு ஒரு சுரம் முன்பே நின்று, அந்தச் சுரமே நீண்டு, கசந்து, இழுபட்டது. நாடா சிக்கிவிட்டது என்று நினைத்து அண்ணன் எழுந்து டெக்கின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். டெக்கின் மேல் தவறில்லை. எலியட் கோல்டென்தால் இசையை அப்படித்தான் அமைத்திருந்தார். அதற்குப் பிறகு பெயர்கள் ஓட ஓட, இடையிடையே துண்டுத் துண்டாகக் காட்சிகள். கப்பலுக்குள் ஒரு முட்டை. விரல்கள் போன்ற கால்கள். விரிசல் விடும் கண்ணாடி. வெள்ளைத் துணியில் பரவும் ரத்தம். தீ. உறங்குகிறவர்களோடு ஒரு மீட்புக்கலம் கழன்று, ஒரு சிறைக் கிரகத்தின் கடலில் விழுகிறது. ரிப்ளி மட்டும் பிழைக்கிறாள். நியூட் உறக்கப் பெட்டிக்குள்ளேயே நீரில் மூழ்கிவிட்டாள். ஹிக்ஸின் உடலில் ஓர் இரும்புத் தண்டு பாய்ந்துவிட்டது. செய்தித்தாளில் விபத்துச் செய்தி வருவதுபோல அவர்கள் முடிந்துபோனார்கள்.

அண்ணன் அதற்கு மேல் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி, உங்களுக்கு இப்படி நடந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, அன்றிரவே ஒரு தாளை எடுத்துப் படம் உங்களைக் கைவிட்ட நிமிடத்தைக் குறிப்பது. படம் மோசம், கேவலம் என்ற தீர்ப்பெல்லாம் வேண்டாம். எந்த நிமிடம், திரையில் அப்போது என்ன நடந்தது, அவ்வளவுதான். தியேட்டரில் பார்த்திருந்தால் உத்தேசமாக, இடைவேளைக்கு எவ்வளவு முன், எவ்வளவு பின் என்று குறித்தால் போதும். பிறர் என்ன சொல்கிறார்கள் என்று படிப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். படித்துவிட்டால் அவர்களுடைய கோபம் உங்கள் கோபத்தோடு கலந்துவிடும். பிறகு எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. கல்யாண வீடியோ கொடுத்த மறுநாள் பெண் வீட்டிலிருந்து வரும் முதல் போன், “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்றுதான் இருக்கும். “எந்த இடம் அம்மா?” என்று கேட்டால் பத்து நிமிடம் சுற்றிவிட்டு, மாலை மாற்றும்போது பெரிய மாமா படத்தில் விழவில்லை என்பதில் வந்து நிற்கும். மொத்தப் படமும் பிடிக்காமல் போனதற்குக் காரணம் அந்த ஒரு மாமாதான்.

என் தாளில் இருந்த நிமிடம் மிகத் தொடக்கத்தில் இருந்தது. முதல் நாலைந்து நிமிடத்திலேயே நான் படத்தை விட்டுப் போய்விட்டேன். தியேட்டரில் ஓடிய ‘ஏலியன் 3’ 114 நிமிடம். மீதி 109 நிமிடமும் என் உடம்பு டிவி முன்னால் இருந்தது, அவ்வளவே. இது எனக்கு உறைக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு ஒரே இரவில் உறைக்கட்டும் என்றுதான் தாளை எடுக்கச் சொல்கிறேன்.

அடுத்து, குறைகளை இனம் பிரிக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதுபோல நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. என் அனுபவத்தில் மூன்று இனம் தேறும்.

ஒன்று, நான் எதிர்பார்த்தது வரவில்லை என்பது. இதில் பாதி விளம்பரத்தின் குற்றம். 1991-ல் வந்த முன்னோட்டம், வேற்றுயிர் பூமிக்கு வரப்போகிறது என்றே நம்பவைத்தது. படத்தில் பூமி தலைகாட்டவே இல்லை. முந்தைய படத்தில் துப்பாக்கிக்குக் குறைவில்லை. இதில் சிறையில் ஓர் ஆயுதம்கூடக் கிடையாது. நான் துப்பாக்கி கேட்டு உட்கார்ந்திருந்தேன். அது என் பசி. சமைத்தவனை அதற்காகக் குறைசொல்ல முடியாது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நான் உயிராக நினைத்த ‘ஏலியன்ஸ்’ஸே ஒரு தொடர்ச்சிதான். 1979-ன் அந்த மெதுவான, மூச்சடைக்கும் பயத்தை விரும்பியவருக்கு, ஒன்றுக்குப் பதில் நூறு பிராணிகளும் வெடிச்சத்தமும் எப்படி இருந்திருக்கும்?

இரண்டு, வேலை சரியில்லை என்பது. இது நியாயமான குறை, தயங்காமல் எழுதுங்கள். ‘ஏலியன் 3’ல் சிறைவாசிகள் எல்லோரும் மொட்டைத் தலை, ஒரே மாதிரி அழுக்கு உடை. கடைசி முக்கால் மணி நேரம் அவர்கள் தாழ்வாரங்களில் ஓடுகிறார்கள். யார் எந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம் என்று புரிவதில்லை. செத்தது யார் என்று தெரிவதற்குள் அடுத்தவன் செத்துவிடுகிறான். ஓடும் பிராணியைத் தனியாகப் படம்பிடித்துக் காட்சிக்குள் ஒட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் விளிம்பு ஒட்டவில்லை. கோலிக் என்ற கிறுக்குப் பிடித்த கைதிக்கு அவ்வளவு இடம் கொடுத்துவிட்டு, நடுவில் அவனைக் காணோம். இத்தனைக்கும் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரை அந்தப் படத்துக்குக் கிடைத்தது. கிடைக்கட்டும். ஒட்டாத விளிம்பு ஒட்டாத விளிம்புதான்.

மூன்று, இழப்பு. எனக்கு வேண்டியவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது. இதை மேலே சொன்ன இரண்டோடும் சேர்க்காதீர்கள். இது துக்கம், அவ்வளவுதான். இதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் பலர் ஒளியமைப்பைத் திட்டுகிறார்கள். அண்ணன் மகன் அன்றிரவு திரைக்கதை ஓட்டை என்று ஏழு சொன்னான். ஏழில் ஐந்து ஓட்டையே இல்லை. பையன் ஜானுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். நியூட், ஹிக்ஸ் சாவுகளைப் பிற்காலத்தில் கடுமையாகக் குறைசொன்னவர்களில் கேமரூனும் ஒருவர். அவர் பெற்ற பிள்ளைகள், வலிக்கத்தானே செய்யும். அதே கேமரூன்தான் ‘டார்க் ஃபேட்’டின் தயாரிப்பாளர்களில் ஒருவர், கதை எழுதியவர்களிலும் ஒருவர். இதைச் சொன்னதும் பையன் அன்று முதல் முறையாகச் சிரித்தான். கசப்பான சிரிப்புத்தான், ஆனாலும் செருப்பைக் கழற்றினான்.

இந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. கோபத்தை ஒரு நடிகரின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் எட்டாம் படத்தில் நடித்த கெல்லி மேரி டிரானை ரசிகர்கள் என்ற பெயரில் சிலர் வதைத்ததில், அவர் 2018-ல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு ஒதுங்கினார். 1999-ல் அதே வரிசையில் ஜார் ஜார் பிங்ஸாக நடித்த அகமது பெஸ்ட், தனக்கு நேர்ந்த ஏச்சில் உயிரை விடும் எண்ணம்வரை போனதைச் சுமார் இருபது வருடம் கழித்துச் சொன்னார். படம் அவர்கள் எழுதியதும் இல்லை, வெட்டி ஒட்டியதும் இல்லை. சமையல் உப்புக்கரித்தால் பந்தி பரிமாறுகிறவன் சட்டையைப் பிடிப்பதா?

சில நாள் போகட்டும். பிறகு அந்தப் படம் எப்படி உருவானது என்று தேடிப் படியுங்கள். ‘ஏலியன் 3’ன் கதையை நான் படித்தபோது எனக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோல இருந்தது. எழுத்தாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வில்லியம் கிப்சன் எழுதியதில் ரிப்ளி பெரும்பாலும் மயக்கத்திலேயே இருக்கிறாள், ஹிக்ஸும் பிஷப்பும்தான் கதையை நடத்துகிறார்கள். இயக்குநராக வந்த வின்சென்ட் வார்ட், மரத்தால் ஆன ஒரு சிறு கோளையும் அதில் வாழும் துறவிகளையும் கற்பனை செய்தார். அவரும் போனார். துறவிகளைக் கைதிகளாக மாற்றினார்கள், மடம் சிறையாயிற்று, பக்தி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அந்தக் கொலைகாரர்கள் ஏன் அவ்வளவு பிரார்த்தனை செய்கிறார்கள் என்று 1993-ல் குழம்பினேன். வேறு வீட்டுக்குப் போட்ட அஸ்திவாரம் அது. கடைசியில் டேவிட் ஃபின்ச்சரிடம் கொடுத்தார்கள். விளம்பரமும் பாட்டு வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்த 28 வயதுக்காரர். அவருக்கு அதுதான் முதல் முழுநீளப் படம். 1991 ஜனவரியில் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில் படப்பிடிப்புத் தொடங்கியபோது திரைக்கதை முடிந்திருக்கவில்லை. ஒளிப்பதிவாளர் உடல்நலமில்லாமல் விலக, வேறொருவர் வந்தார். தயாரிப்பு நிறுவனத்தோடு ஓயாத இழுபறி. அந்தப் படத்தைத் தன்னைவிட அதிகமாக வெறுப்பவர் யாரும் இல்லை என்று ஃபின்ச்சரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழைய கல்யாணம் ஞாபகம் வந்தது. இரண்டு வீட்டாரும் தனித்தனியே ஒரு வீடியோக்காரரை வைத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேச்சில்லை. மணமகன் தரப்பு நாதஸ்வரம் முழுக்க வேண்டும் என்றது. பெண் தரப்பு அதை வெட்டிவிட்டு ஊஞ்சல் பாட்டை நீட்டச் சொன்னது. நான் எட்டு தடவை மாற்றினேன். கடைசி வடிவத்தில் மணமகள் மணவறைக்கு இரண்டு தடவை நடந்து வருகிறாள். யாரும் கவனிக்கவில்லை. நான் இன்னும் அதை நினைத்து நடுராத்திரியில் விழித்துக்கொள்கிறேன்.

ஆனால் எச்சரிக்கை. தயாரிப்புக் கதையைப் படிப்பது படத்துக்கு மார்க் போட்டுக் கொடுக்க அல்ல. பைன்வுட்டில் என்ன கஷ்டம் என்பது டிக்கெட் வாங்கியவரின் கவலை இல்லை. எந்தக் குறை யாருடைய முடிவு, எது யாருமே முடிவெடுக்காததால் நேர்ந்தது என்று தெரிந்தால் கோபம் ஓர் அளவுக்கு வந்து நிற்கும். அதற்காகத்தான். அதேபோல எடுக்கப்படாத படத்தின் மேல் காதல் கொள்ளாதீர்கள். கிப்சனின் அந்தக் கதை பிற்பாடு காமிக்ஸாக வந்தது, 2019-ல் ஒலி நாடகமாகவும் வந்தது. ஹிக்ஸாகவும் பிஷப்பாகவும் நடித்தவர்களே அதில் குரல் கொடுத்தார்கள். கேட்டு மகிழுங்கள். ஆனால் எடுக்கப்படாத படத்தில் ஒட்டாத விளிம்பு இருக்க வாய்ப்பே இல்லை. எடுத்த படத்தை அதோடு நிறுத்துப் பார்ப்பது அநியாயம்.

வேறு வடிவம் இருந்தால் தேடிப் பிடியுங்கள். இது எல்லாப் படத்துக்கும் வாய்க்காது. ‘ஏலியன் 3’க்கு வாய்த்தது. 2003-ல் நான்கு படங்களும் சேர்ந்த டிவிடி தொகுப்பில் 145 நிமிட வடிவம் ஒன்று வந்தது. ஃபின்ச்சர் அதில் கைவைக்க மறுத்துவிட்டார். பழைய குறிப்புகளைக் கொண்டு மற்றவர்கள் கோத்தார்கள். அதில் ரிப்ளி கரையொதுங்குகிற கடற்கரை உண்டு. சாம்பல் வானமும் காற்றும் ஒரு மருத்துவரும் மட்டும் இருக்கும் நீண்ட காட்சி. கைதிகள் பிராணியை ஒரு கிடங்குக்குள் அடைத்தே விடுகிறார்கள். கோலிக் போய் அதைத் திறந்துவிடுகிறான். ஆக, அவன் காணாமல் போனதற்கு விடை கிடைத்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்த டிவிடியில் புதிதாகச் சேர்த்த சில காட்சிகளில் பேச்சு சரியாகக் கேட்காது. நடிகர்களை மறுபடி பேசவைத்து அதைச் சரிசெய்தது 2010-ல் வந்த ப்ளூரேயில்தான். அதையே வாங்குங்கள்.

மறுபடி பார்க்கும்போது முந்தைய பாகத்தை அந்த வாரத்தில் தொடாதீர்கள். தனியாகப் பாருங்கள். முழுப் படத்துக்கும் நியாயம் வழங்கும் நினைப்பு வேண்டாம். எந்த இடத்தில் நீங்கள் எழுந்து போனீர்களோ, அந்த இடத்துக்கு அடுத்து வரும் காட்சியை மட்டும் விழித்திருந்து பாருங்கள்.

நான் அப்படிப் பார்த்தது 2004-ல். ரிப்ளி குழந்தையின் உடலைப் பார்க்கக் கேட்கிறாள். உடலைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறாள். காரணம் கேட்ட மருத்துவரிடம் காலரா என்று ஒரு பொய் சொல்கிறாள். இருநூறு வருடமாக யாருக்கும் காலரா வந்ததே இல்லை என்கிறார் அவர். ஆனாலும் செய்கிறார். பிறகு உலைக்களம். அந்தச் சிறை ஈயம் உருக்கும் இடம். வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு உடல்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சிறை அதிகாரி சடங்குக்கு நாலு வரி வாசிக்கிறார். அப்போது டில்லன் என்ற கைதி, தனக்கு யாரென்றே தெரியாத அந்தக் குழந்தைக்காகத் தானாக முன்வந்து பேசுகிறான். கீழே நெருப்பு. உடல்கள் விழுகின்றன. அதே நேரம் வேறோர் இடத்தில் ஒரு மிருகத்தின் உடலைக் கிழித்துக்கொண்டு அந்தப் பிராணி பிறக்கிறது. தியேட்டர் வடிவத்தில் நாய், நீண்ட வடிவத்தில் எருது. இங்கே ஒரு கட், அங்கே ஒரு கட், குரல் மட்டும் அறுபடாமல் இரண்டின் மேலும் ஓடுகிறது. கடைசியில் ரிப்ளியின் மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம். அவளுக்குள்ளும் ஒன்று வளர்கிறது என்பதற்கு முதல் தடயம் அது. என் தொழிலில் இதைவிடச் சுத்தமான வெட்டு ஒட்டை நான் அதிகம் கண்டதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பகை இருந்தாலும் சாவுக்குப் போய்விடுவார்கள். நியூட்டின் சாவுக்கு அந்தப் படம் நெடுநேரம் துக்கம் அனுசரித்திருக்கிறது. பெற்றவளைப் போல ஒருத்தி நின்று அழுதிருக்கிறாள். முன்பின் தெரியாதவன் வாழ்த்தி அனுப்பியிருக்கிறான். நான்தான் சொல்லாமல் கொன்றுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு பதினோரு வருடம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் படம் நல்ல படமாகிவிடவில்லை. தாழ்வார ஓட்டம் இன்னும் குழப்பம்தான். பெயர்களுக்கு இடையில் அவர்களைக் கொன்ற விதம் இன்றும் எனக்குச் சம்மதமில்லை. அண்ணனுக்குக் கதை ‘ஏலியன்ஸ்’ஸோடு முடிந்தது, அவன் உலகத்தில் நியூட் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். அதற்கும் அவனுக்கு உரிமை உண்டு. பார்த்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்திப் பார்க்கவைத்த படம் யாருக்கும் பிடித்ததில்லை.

அண்ணன் மகன் அன்றிரவு தாள் கேட்டான். ஆல்பம் ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினான். மூன்று வரிதான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “உங்கள் மூன்றாம் பாகத்தைப் போடுங்கள் சித்தப்பா, நீங்கள் எந்த இடத்தில் எழுந்து போனீர்கள் என்று பார்க்கிறேன்” என்றான். மணி ஒன்று. முகூர்த்த வேலை மறுநாள் மாலைக்குள் கொடுக்க வேண்டியது. சரி என்று போட்டேன்.

முரசு முழங்கியது, எக்காளம் ஏறியது, கடைசிச் சுரத்துக்கு முன் நின்று இழுபட ஆரம்பித்தது. பையன் சட்டென்று எழுந்து ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தான்.

“உட்கார்” என்றேன். “வயரில் ஒன்றும் இல்லை.”